புது பிரெஞ்சு பேக்கரிக்கு முதல்முறை போகிறீர்களா? எப்போது போவது, எதை வாங்குவது, எப்படிச் சாப்பிடுவது

புதிதாகத் திறந்த ஒரு பிரெஞ்சு பேக்கரிக்கு மூன்று முறை போனேன். முதல் முறை, திறந்த வாரத்துச் சனிக்கிழமை மாலை நாலரை மணி. முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று கண்ணாடி அலமாரி முன்னால் போய்ச் சேர்ந்தபோது அதில் இருந்தவை இரண்டு நீள ரொட்டியும் மாவுக் கிண்ணத்தில் பழம் வைத்த, ஓரம் காய்ந்த ஒரு டார்ட்டும்தான். இரண்டாம் முறை உஷாராகக் காலையிலேயே போனேன். ஆசையில் ஏழு வகை வாங்கி, எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்து, பெட்டியை பிளாஸ்டிக் பைக்குள் வைத்து இறுக்கி முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்தேன். மாலையில் திறந்தால் ஏழும் ஒன்றுபோல நமத்துக் கிடந்தன. எலுமிச்சை டார்ட்டில் காப்பி வாசனை, வெண்ணெயை மாவுக்குள் அடுக்கடுக்காக மடித்துச் சுட்ட குரோசானில் எலுமிச்சை வாசனை. மூன்றாம் முறைதான் உருப்படியாகச் சாப்பிட்டேன்.

இதில் கடையின் தப்பு ஒன்றும் இல்லை. இந்தப் பலகாரங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆயுசு. ஒன்று அடுப்பிலிருந்து இறங்கிய நாலு மணி நேரத்தில் முடிந்துபோகிறது. இன்னொன்று மறுநாள்தான் பதத்துக்கு வருகிறது. இந்தக் கணக்கு தெரியாமல் போனால் காசும் போகும், ‘இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்’ என்ற அலுப்பும் மிஞ்சும். எனக்கு இரண்டு தடவை மிஞ்சியது. உங்களுக்கு அது வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

1. திறந்த முதல் வாரம் போகாதீர்கள்

புதுக் கடையில் அடுப்பும் புதிது, ஆட்களும் புதிது. ஒரே கம்பெனி அடுப்பு இரண்டு வாங்கினாலும் ஒன்று பின்பக்கம் அதிகம் சுடும், மற்றொன்று மேல்தட்டைக் கருக்கும். அது பிடிபட நாளாகும். குரோசான் மாதிரி அடுக்கு மாவுக்கு அறையின் குளிர்ச்சியும் சரியாக அமைய வேண்டும். வெண்ணெய் கொஞ்சம் இளகினால் மாவோடு கலந்து அடுக்கே இல்லாமல் போகும். ரொம்ப இறுகினால் தேய்க்கும்போது துண்டு துண்டாக உடையும். கைதேர்ந்தவருக்கும் புது இடத்தில் இது பழக வேண்டும்.

அதனால் இரண்டு மூன்று வாரம் பொறுத்து, ஒரு வார நாளில் போங்கள். கூட்டமும் குறையும், அலமாரியும் முழுசாக நிரம்பியிருக்கும். முதல் வாரத்தில் பல கடைகள் பாதி வகைகளைத்தான் போடுகின்றன. திறப்பு நாளன்று இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்றால் போய் வாங்கிச் சாப்பிடுங்கள், அது வேறு கணக்கு. அதை வைத்துக் கடையை எடைபோட வேண்டாம், அவ்வளவுதான்.

2. கிளம்பும் முன் ஒரு போன்

நேரில் போய் வரிசையில் நின்றுகொண்டு கேட்பதைவிட முதல்நாள் மதியம் போனில் கேட்டுவிடுவது நல்லது. காலையில் பேசாதீர்கள், எடுக்க மாட்டார்கள். எடுத்தாலும் பொறுமையாகப் பதில் வராது.

கேட்க வேண்டியவை இவை. எத்தனை மணிக்கு முதல் தட்டு அடுப்பிலிருந்து வெளியே வருகிறது? கடை திறக்கும் நேரமும் இதுவும் ஒன்றல்ல. ஏழு மணிக்குத் திறந்து, கிரீம் வகைகளைப் பத்து மணிக்குமேல் அடுக்கும் கடைகள் உண்டு. அப்புறம், மதியம் இரண்டாம் முறை ரொட்டி சுடுகிறார்களா? வார விடுமுறை என்றைக்கு? ஒரு நபருக்கு இத்தனைதான் என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்களா? பணம் எப்படி வாங்குகிறார்கள்? கார்டு மட்டும் என்று ஒரு கடை, ரொக்கம் மட்டும் என்று ஒரு கடை. கல்லாவுக்குப் போன பிறகு இது தெரிந்தால், பின்னால் நிற்கிறவர்கள் பார்க்கும் பார்வை தாங்காது.

ஒவ்வாமை உள்ளவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். அதற்குத் தனியாகவே ஒரு பகுதி கீழே இருக்கிறது.

முன்பதிவு செய்கிறீர்கள் என்றால், பெயர், எடுக்கும் நேரம், என்னென்ன, எத்தனை, கொடுத்த முன்பணம் எல்லாம் எழுதிய சீட்டையோ குறுஞ்செய்தியையோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொன்ன ஆறு எக்லேர் (உள்ளே கிரீம் நிரப்பிய நீளப் பலகாரம்) நான் போனபோது வேறு யார் கையிலோ போய்க்கொண்டிருந்தது. சீட்டு இல்லாததால் நான் ஒன்றும் பேச முடியவில்லை. வராமல் போனால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் அப்போதே கேளுங்கள், பெரும்பாலும் கிடைக்காது.

3. எத்தனை மணிக்குப் போவது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதிதான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

குரோசான் மாவைப் பிசைந்து, குளிரில் வைத்து, வெண்ணெய் வைத்து மடித்து, நடுநடுவே மறுபடி குளிரவைத்து, வடிவம் கொடுத்து, உப்பவிட்டு, அதற்கப்புறம்தான் சுட முடியும். இதற்கு ஓர் இரவாவது வேண்டும். கடைசியாக உப்புவதற்கே சுமார் இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஆகவே தீர்ந்துபோனால் தீர்ந்ததுதான். ‘பத்து நிமிடம் இருங்கள், போட்டுத் தருகிறோம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்படி யாராவது சொன்னால், எங்கிருந்தோ உறைந்த நிலையில் வந்தது உள்ளே பெட்டியில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம்.

குரோசான், சாக்லேட் வைத்த பேன் ஓ ஷொகொலா போன்ற வெண்ணெய் அடுக்கு வகைகளுக்குக் காலை எட்டு முதல் பத்து மணி வரை நல்ல நேரம். கொதிக்கக் கொதிக்கச் சாப்பிட வேண்டும் என்று ஆறரைக்கே போய் நிற்க வேண்டாம். அடுப்பிலிருந்து வந்த உடனே உள்ளே ஈரமாகவும் வெண்ணெய் வழிசலாகவும் இருக்கும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆறினால்தான் வெளி ஓடு இறுகி, உள்ளே அடுக்கு பிரியும். ஆக்கப் பொறுத்தவர் ஆறவும் பொறுக்க வேண்டும். மதியம் இரண்டு மணியைத் தாண்டினால் அதே குரோசான் வேறு பண்டம்.

எக்லேர், அடுக்கு மாவுத் தட்டுகளுக்கு நடுவே கிரீம் வைத்த மில்ஃபாய் மாதிரி வகைகள் காலை பதினொன்றிலிருந்து மதியம் ஒன்றரை வரை. நிரப்பிய கணத்திலிருந்து கிரீமின் ஈரம் ஓட்டுக்குள் இறங்க ஆரம்பித்துவிடும். மில்ஃபாயின் அடுக்கு மாவு நாலைந்து மணி நேரத்தில் அட்டை மாதிரி ஆகிவிடும்.

பாகெத் என்ற நீள ரொட்டி காலையிலும் கிடைக்கும், மாலையிலும் சுடுகிற கடைகள் உண்டு. இரவுச் சாப்பாட்டுக்கு என்றால் மாலையில் சுட்டதை வாங்குங்கள். காலையில் வாங்கிய பாகெத் இரவுக்குள் தடி மாதிரி இறுகிவிடும். மாவும் தண்ணீரும் உப்பும் ஈஸ்ட்டும் தவிர அதில் எதுவும் இல்லை, மிருதுவாக வைத்திருக்கக் கொழுப்பு கிடையாது.

மாலையில்தான் போக முடியும் என்கிறவர்கள் மனம் தளர வேண்டாம். பாதாம் குரோசான், பாதாம் மாவில் செய்த சின்ன கேக்கான ஃபினான்சியே, இரண்டு சின்ன ஓட்டுக்கு நடுவே உள்ளீடு வைத்த மக்கரோன் மூன்றும் உங்களுக்கானவை. பாதாம் குரோசான் என்பது வழக்கமாக முந்தின நாள் மிஞ்சிய குரோசானைப் பிளந்து, சர்க்கரைப் பாகில் நனைத்து, பாதாம் கிரீம் தடவி மறுபடி சுட்டது. பழையதைத் தலையில் கட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அதன் செய்முறையே அதுதான். புது குரோசானில் செய்தால் பாகில் ஊறிக் குழைந்துவிடும். மக்கரோனோ, நிரப்பி ஒரு நாள் குளிரில் இருந்தால்தான் ஓடும் உள்ளீடும் ஒன்றுசேர்ந்து பதமாகும்.

4. பெயர்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள்

பலகையில் நாற்பது பெயர் இருக்கும். குடும்பம் நான்குதான்.

ரொட்டிகள் ஒன்று: பாகெத், புளித்த மாவில் செய்த பெரிய உருண்டை ரொட்டி, இப்படி. இரண்டாவது, காலைச் சிற்றுண்டி வகை: குரோசான், உள்ளே இரண்டு சாக்லேட் குச்சி வைத்த பேன் ஓ ஷொகொலா, நத்தை மாதிரி சுருட்டிய திராட்சை ரொட்டி, ஆப்பிள் வைத்து மடித்த ஷொசோன், முட்டையும் வெண்ணெயும் நிறையச் சேர்ந்த பிரியோஷ். மூன்றாவது, குளிர் அலமாரியில் இருப்பவை: எக்லேர், மில்ஃபாய், எலுமிச்சை டார்ட், சக்கர வடிவில் கொட்டைப்பருப்பு கிரீம் வைத்த பாரி-ப்ரெஸ்ட், நுரைபோல மிருதுவான மூஸ் வைத்த கேக்குகள். நான்காவது, குளிர் தேவைப்படாத சின்ன கேக்குகள்: சிப்பி வடிவ மத்லேன், தங்கக் கட்டி வடிவ ஃபினான்சியே, கனலே.

உச்சரிப்பு தெரியவில்லை என்றால் விரலால் காட்டுங்கள். பிரான்சிலேயே பேன் ஓ ஷொகொலாவைத் தென்மேற்குப் பக்கத்தார் ஷொகொலாத்தீன் என்பார்கள்; எது சரி என்று அவர்களுக்குள்ளேயே ஓயாத சண்டை. நாம் தப்பாகச் சொன்னால் குடி முழுகாது. மக்கரோன் ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பாதாம் மாவும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் செய்த வண்ண வண்ணச் சின்ன வட்டங்கள்தான் இங்கே மக்கரோன். தேங்காய்த் துருவலில் செய்யும் மக்ரூன் வேறு.

5. இங்கேயே செய்கிறார்களா என்று கண்டுபிடிப்பது

பிரான்சில் 1998ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. மாவு பிசைவது, வடிவம் கொடுப்பது, சுடுவது எல்லாம் அதே இடத்தில் நடந்தால்தான், எந்தக் கட்டத்திலும் உறையவைக்காமல் இருந்தால்தான், கடைக்கு ‘பூலான்ஜெரி’ (ரொட்டிக் கடை) என்று பெயர் வைக்கலாம். மற்ற நாடுகள் பலவற்றில் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். பிரான்சிலும் அந்தச் சட்டம் ரொட்டிக்குத்தான். குரோசான் தொழிற்சாலையிலிருந்து உறைந்த நிலையில் வந்து, கடையில் சுடப்படுவதாக இருக்கலாம். ஆகவே பெயர்ப்பலகையை நம்பிப் பயனில்லை.

நான் பார்ப்பது அலமாரியைத்தான். எல்லாக் குரோசானும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவு, ஒரே நிறம் என்றால் சந்தேகம் வரும். கையால் சுருட்டியவற்றில் ஒன்று கொஞ்சம் சாய்ந்திருக்கும், ஒன்று சிவந்திருக்கும். அப்புறம் நேராகவே கேளுங்கள்: “மாவு இங்கேயே பிசைகிறீர்களா?” இங்கேயே செய்கிறவர் முகம் மலர்ந்து அடுப்பைக் கைகாட்டுவார். ‘இங்கேயே சுடுகிறோம்’ என்று பதில் வந்தால் அந்த வித்தியாசத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்டது பிசைவதைப் பற்றி.

அடுத்த கேள்வி, “வெண்ணெயா, மார்ஜரினா?” மார்ஜரின் என்பது வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் செய்வது. பிரான்சில் நேராக நீண்டிருந்தால் வெண்ணெய், பிறை மாதிரி வளைந்திருந்தால் மார்ஜரின் என்று ஒரு வழக்கம் உண்டு. வழக்கம்தான், விதி இல்லை. அதனால் வளைந்ததைக் கண்டதும் முகம் சுளிக்காமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாயில் வைத்தாலும் தெரியும்: மார்ஜரின் அண்ணத்தில் மெழுகுபோல் ஒட்டும், வெண்ணெய் கரைந்துபோகும்.

6. முதல் தடவை மூன்று வகை போதும்

ஏழு வாங்கியவன் சொல்கிறேன், மூன்றுக்குமேல் வேண்டாம். ஒரு குரோசானின் எடையில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு வரை வெண்ணெய்தான். மூன்றாவது பலகாரத்திலேயே நாக்கு திகட்டி ருசி மரத்துவிடும். அதற்குப்பின் எது நன்றாக இருந்தது என்று சொல்லவே முடியாது.

என் யோசனை: ஒன்றும் வைக்காத வெறும் குரோசான் ஒன்று, குளிர் அலமாரியிலிருந்து ஒன்று, சின்ன கேக் வகையில் ஒன்று. துணைக்கு யாராவது வந்தால் ஆளுக்கு மூன்று வாங்காமல், மூன்றையும் பாதி பாதியாக வெட்டிக்கொள்ளுங்கள். வெறும் குரோசானைத் தவிர்த்துவிட்டு சாக்லேட் வழிகிற, பிஸ்தா தூவிய அலங்கார வகைக்குத் தாவாதீர்கள். மேலே பூச்சு இருந்தால் கீழே இருக்கும் குறை தெரியாது. வெறும் குரோசான் சரியாக இருக்கும் கடையில் மற்றதையும் நம்பி வாங்கலாம்.

கனலே பற்றி ஒரு வார்த்தை. போர்தோ நகரத்துப் பண்டம் இது. செம்பு அச்சில் தேன்மெழுகும் வெண்ணெயும் பூசி, அதிகச் சூட்டில் நெடுநேரம் சுடுவார்கள். வெளியே கிட்டத்தட்டக் கறுப்பு. “இது தீய்ந்துபோயிருக்கிறதே, வேறு கொடுங்கள்” என்று நான் கேட்க, கல்லாவில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே ஒன்றை இரண்டாக வெட்டிக் காட்டினார். உள்ளே மஞ்சளாக, வெனிலாப் புள்ளிகளோடு, கஸ்டர்டு மாதிரி தளதளவென்று இருந்தது. வெளுப்பான கனலேதான் சரியாக வேகாதது. அதன் ஓடு மொறுமொறுப்பாக இருப்பது சுட்ட சில மணி நேரம்தான். மறுநாள் ரப்பராக இழுக்கும்.

7. செலவுக் கணக்கு

விலை ஊருக்கு ஊர் மாறும். அதனால் ஒரு வெறும் குரோசானின் விலையை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். நான் போன கடைகளில் சாக்லேட், திராட்சை வைத்தவை அதைவிடக் கொஞ்சம்தான் கூட. பாதாம் குரோசான் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. குளிர் அலமாரியில் இருப்பவை இரண்டிலிருந்து மூன்று மடங்கு. கைக்குள் அடங்கும் மக்கரோன்தான் ஏமாற்றும். ஒன்றின் விலை சின்னதாகத் தெரியும், ஆறு எடுத்துப் பெட்டியில் போட்டால் பில்லைப் பார்த்துத் தலை சுற்றும். அழகான பெட்டிக்கும் ரிப்பனுக்கும் தனியாகக் காசு வாங்குகிறார்களா என்று முதலிலேயே கேளுங்கள்.

உட்கார்ந்து சாப்பிட்டால் ஒரு விலை, எடுத்துப்போனால் ஒரு விலை என்று பலகையில் சின்ன எழுத்தில் இருக்கும். காப்பியோடு சேர்த்துக் காலைச் சலுகை இருந்தால் அது லாபம்தான். கடை மூடும் நேரத்தில் பாதி விலைக்குக் கொடுப்பதில் ரொட்டியும் சின்ன கேக்கும் வாங்கலாம். நாள் முழுக்க அலமாரியில் இருந்த கிரீம் வகையை எனக்குச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

முழு கேக்குகளை எடையைச் சொல்லாமல் ‘நாலு பேருக்கு’, ‘ஆறு பேருக்கு’ என்று ஆள் கணக்கில் விற்பார்கள். அந்த ஆறு பேர் சின்னத் துண்டு சாப்பிடும் ஆறு பேர். முழு கேக்குக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்னால் சொல்ல வேண்டியிருக்கும். மூஸை உறையவைத்து, மேலே பளபளப்பான பூச்சு ஊற்றி, மறுபடி இளகவைத்துத் தருவது ஒரு நாளில் ஆகிற வேலை இல்லை.

8. முட்டை, ஜெலட்டின், மது, கொட்டைப்பருப்பு

சைவம், மதக் கட்டுப்பாடு, ஒவ்வாமை, எது இருந்தாலும் இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டாதீர்கள்.

முட்டை கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் உண்டு. வழக்கமான குரோசான் மாவில் முட்டை சேர்ப்பதில்லை, ஆனால் மேலே பளபளப்புக்குத் தடவுவது முட்டைதான். ‘குரோசானில் முட்டை இல்லையே’ என்று ஊழியர் சொன்னால், மேலே தடவியது என்ன என்று இன்னொரு முறை கேளுங்கள். முட்டையும் பாலும் வேண்டாம் என்கிறவர்களுக்குப் பாகெத்தான் நம்பகமான வழி.

மூஸ் கேக்குகளிலும் கண்ணாடி போன்ற பூச்சிலும் ஜெலட்டின் இருக்கும். அது பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டிலிருந்து எடுப்பது. பலகையில் எழுதியிருக்க மாட்டார்கள். கனலே மாவில் ரம் சேர்ப்பது வழக்கம். பாபா என்ற கேக்கைச் சுட்ட பிறகே ரம் பாகில் ஊறவைப்பதால் அதில் மது அப்படியே இருக்கும். குழந்தைகளுக்கு வாங்கும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதாம், ஹேசல்நட் ஒவ்வாமை உள்ளவர்கள், கொட்டைப்பருப்பு தெரிகிற பண்டத்தை மட்டும் ஒதுக்கினால் போதாது. ஃபினான்சியே, மக்கரோன் இரண்டும் பாதாம் மாவு. பழ டார்ட்டில் பழத்துக்குக் கீழே பாதாம் கிரீம் மறைந்திருக்கும். பாரி-ப்ரெஸ்ட் கிரீமே அரைத்த பருப்புதான். ஒரே இடுக்கியால் எல்லாவற்றையும் எடுப்பார்கள், ஒரே மேஜையில் எல்லா மாவும் பறக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 வகை ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றிய விவரத்தைக் கடைக்காரர் கொடுத்தாக வேண்டும், சட்டம் அப்படி. கோதுமை, பால், முட்டை, கொட்டைப்பருப்பு, சோயா, எள் எல்லாம் அந்தப் பட்டியலில் வருகின்றன. மற்ற இடங்களிலும் எழுத்தில் இருக்கும் பட்டியலைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். “இருக்காது என்று நினைக்கிறேன்” என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை என்றால், கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் காப்பியோடு நிறுத்திக்கொள்வதே பத்திரம்.

9. சாப்பிடும் முறை

முதலில் குரோசானைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். காய்ந்து, சமமாகச் சிவந்திருக்க வேண்டும். எண்ணெயில் பொரித்தது போல அடி பளபளத்தால், அடுப்பில் வெண்ணெய் உருகி வெளியே வந்துவிட்டது என்று பொருள். மேல்புறம் வெளிர் மஞ்சளாக இருப்பதைவிட நல்ல பழுப்பாக இருப்பதே ருசி. கையில் எடுத்தால், பார்வைக்கு இருக்கும் அளவுக்கு எடை இருக்காது.

கத்தி இருந்தால் நடுவில் குறுக்கே வெட்டுங்கள். மூன்று முறை மும்மடியாக மடித்தால் 27 வெண்ணெய் அடுக்கு. அவை சரியாக உப்பியிருந்தால் வெட்டுமுகம் தேன்கூடு மாதிரி, பெரிய பெரிய அறைகளோடு இருக்கும். நடுவில் ஈரமாக, கண்ணாடிபோல மாவுக் கட்டி இருந்தால் வேகவில்லை. சாதாரண பன் மாதிரி சின்னச் சின்ன ஓட்டைகள் மட்டும் இருந்தால் அடுக்கு கலந்துவிட்டது. மூன்றாம் முறை போனபோது நான் வெட்டியதில், கத்தி பட்டதும் மேலோடு சரசரவென்று உடைந்து, தட்டு முழுக்கச் செதில் செதிலாகப் பறந்து, ஒரு துண்டு என் கண்ணாடியிலேயே வந்து ஒட்டியது. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

அப்புறம் ஒரு முனையைப் பிய்த்துச் சாப்பிடுங்கள். முனைதான் அதிக மொறுமொறுப்பு. பிறகு நடுப்பகுதி. ஜாம் கேட்காதீர்கள், முதல் தடவையாவது.

வரிசை முக்கியம்: வெண்ணெய் மட்டும் உள்ளது முதலில், பழம் அல்லது எலுமிச்சை அடுத்து, சாக்லேட்டும் பருப்பு கிரீமும் கடைசியில். நடுநடுவே தண்ணீர். காப்பியில் சர்க்கரை போடாமல் குடித்தால் இனிப்பு திகட்டாது.

மில்ஃபாயை மேலிருந்து முள்கரண்டியால் அழுத்தினால் கிரீம் நாலா பக்கமும் பிதுங்கிக்கொண்டு ஓடும். பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவைத்து, அடுக்குகளின் குறுக்கே கத்தியால் வெட்டுங்கள். எக்லேரைக் கையில் எடுத்துக் கடிப்பதில் வெட்கமே வேண்டாம். மக்கரோனைக் குளிர் அலமாரியிலிருந்து எடுத்து இருபது நிமிடமாவது வெளியே வைத்த பிறகு தொடுங்கள். சில்லென்று இருக்கும்போது சர்க்கரை மட்டும்தான் தெரியும்.

10. வீட்டுக்குக் கொண்டுபோவதும் மறுபடி சூடாக்குவதும்

மொறுமொறு வகைகளுக்குக் காகிதப் பை. கிரீம் வகைகளுக்கு அட்டைப்பெட்டி. இரண்டையும் கலக்காதீர்கள், பிளாஸ்டிக்கில் மூடாதீர்கள். கிரீம் வைத்தவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்குமேல் இருக்கக் கூடாது. வெயிலில் அதுவும் கிடையாது. வழியில் வேறு வேலை இருந்தால் அதை முடித்துவிட்டுக் கடைசியாகப் பேக்கரிக்குப் போங்கள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டால் சரியும், வண்டியில் கால் வைக்கும் தரையில் வைத்தால் நேராக இருக்கும்.

ஆறிய குரோசானை மைக்ரோவேவில் வைத்தால் அரை நிமிடத்தில் தோலாகிவிடும். ஓவனை 160 முதல் 170 டிகிரி வரை சூடாக்கி, நாலைந்து நிமிடம் வைத்து, வெளியே எடுத்து மூன்று நிமிடம் ஆறவிடுங்கள். காலையில் வாங்கியது முழுசாக இல்லாவிட்டாலும் முக்கால்வாசி திரும்பக் கிடைக்கும்.

ரொட்டியை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில்தான் மாவுச்சத்து வேகமாக இறுகி ரொட்டி கெட்டிப்படும். மிஞ்சுகிறது என்று தெரிந்தால் அன்றைக்கே துண்டு போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். குரோசானுக்கும் இதே முறைதான். ஃப்ரீசரிலிருந்து நேராக ஓவனுக்கு மாற்றலாம், நேரம் மட்டும் இரட்டிப்பாகும். கிரீம் வகைகளை ஃப்ரீசரில் வைத்தால் உருகும்போது நீர் பிரிந்துவிடும்.

11. சரியில்லை என்றால் எப்படிச் சொல்வது

பில்லைக் கசக்கி எறியாதீர்கள். உள்ளே வேகாமல் இருந்தது, கிரீம் புளித்திருந்தது, கேட்டது ஒன்று கொடுத்தது ஒன்று, இவையெல்லாம் நியாயமான புகார். வெட்டின பாதியை அப்படியே வைத்து, படம் எடுத்து, பில்லோடு அன்றைக்கே காட்டுங்கள். முழுசையும் சாப்பிட்டுவிட்டு மறுநாள் போய்ச் சொன்னால் யாரும் மதிக்க மாட்டார்கள். புதுக் கடைக்காரர்கள் பொதுவாக இதைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள். எனக்கு ஒருமுறை மாற்றிக் கொடுத்தார்கள். அதே சமயம், ‘கறுப்பாக இருக்கிறது’, ‘இனிப்பே இல்லை’, ‘செதில் உதிர்கிறது’ என்று புகார் சொல்லப் போனால் நமக்குத்தான் சங்கடம். கனலே விஷயத்தில் நான் பட்டது போதும்.

ஜனவரி மாதம் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அப்போது அலமாரியில் வட்டமாக, மேலே கீறல் கோலமும் பாதாம் கிரீம் உள்ளீடுமாக ஒரு பெரிய அடுக்கு கேக் வந்திருக்கும், கூடவே அட்டைக் கிரீடம் ஒன்று தருவார்கள். பெயர் கலெத் தே ருவா. அதற்குள் பீங்கானில் செய்த சின்னப் பொம்மை ஒன்றை ஒளித்து வைத்திருப்பார்கள், அது யார் துண்டில் வருகிறதோ அவருக்குக் கிரீடம். யார் துண்டில் இருக்கிறது என்று தெரியும்வரை மெதுவாகக் கடியுங்கள்.